தாமதத்துக்குக் காரணம்

படித்து முடித்த ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் சிவப்பு மையால் ஒரு சிறு சரிக்குறி போடாமல் வக்கீலம்மா எந்தத் தாளையும் கையைவிட்டு விடமாட்டார். குறி அரிசி அளவுதான் இருக்கும். ஆனால் அது விழுந்துவிட்டால் தாளில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் தாமே பொறுப்பு என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. மனு, பதில் மனு, சாட்சிப் பட்டியல் என்று தொடங்கிய பழக்கம் முற்றிப்போய், மளிகைச் சீட்டிலும் மின்கட்டண ரசீதிலும்கூடக் குறி விழ ஆரம்பித்தது. பல் மருத்துவரான அவருடைய கணவர், "நம்ம கல்யாணப் பத்திரிகையிலயும் டிக் போட்டே, ஞாபகம் இருக்கா? நல்லவேளை, என் நெத்தியில போடாம விட்டே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கணவனும் மனைவியும் தொழில் தொடங்கியது ஒரே மாடியில்தான். படியேறியதும் இடப்பக்க அறை பல்லுக்கு, வலப்பக்க அறை வழக்குக்கு. நடுவில் கிடந்த ஒற்றை மரப்பெஞ்சு இருவருக்கும் பொது. வீங்கிய தாடையோடு வந்தவர் வக்கீலம்மாவின் மேசைமுன் வாயைத் திறந்து காட்டியதும் உண்டு. வாய்தா கேட்க வந்தவர் பல் நாற்காலியில் சாய்ந்து படுத்துவிட்டதும் உண்டு. குழப்பத்தைத் தீர்த்துவைப்பவர் குமாஸ்தா. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பெஞ்சின் அருகில் நின்று, "இந்தப் பக்கம் பல்லைப் புடுங்குவாங்க, அந்தப் பக்கம் உண்மையைப் புடுங்குவாங்க. உங்களுக்கு எது வலிக்குது?" என்று கேட்பார். வலியோடு வந்தவரும் சிரித்துவிடுவார். நானூறு வழக்குக் கட்டுகள் அடுக்கியிருந்தாலும், நாடா முடிச்சைப் பார்த்தே இன்ன வழக்கு என்று சொல்லிவிடும் கண் அவருக்கு. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார், ஒரு தாள் தவறியதில்லை.

அப்படிப்பட்டவர் மீதுதான் அந்தப் பழி விழுந்தது.

பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க மறுத்ததற்காக வேலை நீக்கப்பட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவர், கீழ் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டு வக்கீலம்மாவிடம் வந்தார். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் கெடு. தீர்ப்பின் நகல் தயாரான நாளிலிருந்து எண்ண வேண்டும். வக்கீலம்மாவோ, பத்து வழக்குகளின் பரபரப்பில், நகல் தம் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணி, ஒரு துண்டுத் தாளில் கடைசித் தேதியைக் குறித்து, மூலையில் சிவப்புக் குறியும் போட்டுக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

குமாஸ்தா அதைப் பார்த்துத் தயங்கினார். "மேடம், நாலு நாள் தள்ளிப் போன மாதிரி இருக்கே. இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்."

"டிக் போட்டாச்சு இல்ல? கட்டுல வையுங்க."

வைத்தார். மேல்முறையீடு நான்கு நாள் தாமதமாகத் தாக்கலாயிற்று.

இத்தகைய தாமதங்களுக்கு வக்கீல்கள் உலகத்தில் ஒரு கைமருந்து உண்டு. 'எமது குமாஸ்தா வழக்குக் கட்டை வேறொரு கட்டுடன் தவறுதலாகச் சேர்த்துக் கட்டிவிட்டபடியால்' என்று தொடங்கும் ஒரு வாக்குமூலம். வக்கீலுக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும், ஒரு கட்டும் மாறவில்லை என்று. குமாஸ்தா இடிதாங்கி, இடி விழும், கட்டடம் தப்பும், இடிதாங்கிக்கும் ஒன்றும் ஆகாது. நீதிபதி புன்னகையோடு மன்னித்துவிடுவார். வக்கீலம்மாவும் அதையே எழுதித் தாக்கல் செய்தார். ஆனால் அன்று ஆசனத்தில் இருந்தவர் புதியவர்; புன்னகைக்கத் தெரியாதவர்.

"கட்டு மாறினது யாரால?" என்று நேராகக் கேட்டார்.

வக்கீலம்மாவின் பின்னால் அதே கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குமாஸ்தா நின்றிருந்தார். ஒரு மூச்சு நேரம் அவகாசம் இருந்தது. "என் குமாஸ்தாவாலங்க" என்றார் வக்கீலம்மா. குமாஸ்தா தம் செருப்பைப் பார்த்துத் தலை குனிந்தார்.

நீதிபதி தாமதத்தை மன்னித்தார். கூடவே மூன்று வரி எழுதினார்: மனுதாரரின் வழக்கறிஞரிடம் உள்ள குமாஸ்தாவின் பொறுப்பின்மை கண்டிக்கத்தக்கது, இவர் ஓராண்டுக்கு நீதிமன்ற அலுவலகங்களுள் நுழையலாகாது, எனினும் இவர் தவறுக்காகக் கட்சிக்காரரைத் தண்டித்தல் முறையன்று. நீதிமன்ற ஆவணக் காப்பக வேலைக்கான பட்டியலில் குமாஸ்தாவின் பெயர் முதலாவதாக இருந்தது. மறுவாரமே அடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில், "விடுங்க மேடம், டிரைவருக்குக் கதவு திறந்துச்சு இல்ல" என்று மட்டும் சொன்னார் குமாஸ்தா. சிவப்புக் குறி போட்ட அந்தத் துண்டுத் தாளைக் கட்டிலிருந்து உருவி, வக்கீலம்மாவின் மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். அதைப்பற்றிப் பிறகு இருவரும் பேசியதே இல்லை. வக்கீலம்மா அவர் சம்பளத்தை உயர்த்தினார். மனம் என்னவோ உயரவில்லை.

யானை ஒன்று கரும்புத் தோட்டத்தை மிதித்துவிட்டு, "நான் மிதிக்கவில்லை, எனக்கு முன்னால் போன என் நிழல்தான் மிதித்தது" என்று சாதித்ததாம். நியாயம் சொல்ல உட்கார்ந்த கரடி நிழலை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தது. நிழலுக்கு வாய் ஏது? ஆனால் அன்றிலிருந்து யானையின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நிழல் கூட வந்தால் ஊர் பார்த்துவிடும். ஆகவே நிழல் காலடிக்குள் ஒளியும் உச்சி வெயிலில் மட்டுமே அது வெளியே தலைகாட்ட முடிந்தது. காலையில் ஆற்றுக்குப் போக வழியில்லை, மாலையில் உறவைப் பார்க்க வழியில்லை. "தப்பித்தவர் நீங்கள் ஆயிற்றே, நீங்கள் ஏன் இப்படி வேகிறீர்கள்?" என்று எறும்பு கேட்டதாம்.

ஓட்டுநர் வென்றார். ஊரே கொண்டாடியது. பேருந்தில் போகிறவர்கள் வக்கீலம்மாவின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். தொழிற்சங்கத்தார் மாடியேறி வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, "தேர்தல்ல நில்லுங்கம்மா" என்றார்கள். நின்றார், ஜெயித்தார், ஐந்தாண்டு கழித்து மறுபடியும் ஜெயித்தார். அவர் சேர்ந்திருந்த கட்சிக்கு நாடாளுமன்றத்தில் மொத்தம் நான்கு பேர். "ஒரே கார்ல அடங்கற கட்சி. கூட்டணி வந்தா டிக்கியில ஏத்திக்கலாம்" என்பார் பல் மருத்துவர். பல் நாற்காலியை விட்டுவிட்டு அவர் வரவில்லை. குமாஸ்தாதான் தலைநகருக்குக் கூடவே வந்தார். இங்கேயும் கட்டு, இங்கேயும் நாடா, இங்கேயும் முடிச்சு.

அந்த மூன்று வரித் தீர்ப்போ, தானாக நடை பழகிவிட்டது. சட்ட அறிக்கைகளில் அச்சாகி, 'குமாஸ்தா வழக்கு' என்று பெயர் பெற்று, நாட்டில் எங்கே எவர் தாமதித்தாலும் மேற்கோளாகக் காட்டப்பட்டது. வக்கீலம்மா வென்ற அந்த வழக்கை நாடே சொன்னது. அவர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் மனத்தில் கிடந்ததெல்லாம் ஒரு மசோதா. வக்கீல் தாமதித்ததால் கட்சிக்காரருக்குக் கதவு சாத்தப்படக் கூடாது. தாமதத்தின் செலவை வக்கீல் தரப்பு ஏற்கட்டும். இவ்வளவுதான் சாரம். ஒரே ஒரு நாள் பிந்தியதால் வீட்டை இழந்த தையற்காரி ஒருத்தி, மரப்பெஞ்சில் உட்கார்ந்து, "நான் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனேம்மா" என்று அழுததை அவரால் மறக்க முடியவில்லை. உறுப்பினர் தனியாகக் கொண்டுவரும் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மட்டுமே இடம், அதற்கும் குலுக்கல். ஆறு ஆண்டுகள் குலுக்கலில் வராத பெயர் ஏழாம் ஆண்டு வந்தது. அன்றுதான் வாக்கெடுப்பு.

காலையில் அலுவலக அறை கல்யாண வீடாக இருந்தது. குமாஸ்தா ஒரு தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இன்னொன்றில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் உறுப்பினர்கள் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். பறப்பவர்களின் இறக்கையைப் பிடிக்க வேண்டிய வேலை அவருடையது.

"சார், இந்த ரயில் போனா அடுத்த ரயில் வரும். இந்த மசோதா போனா, அடுத்தது வர்றதுக்கு உங்க பேரன் எம்.பி. ஆகணும்!" என்று கூவிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "மேடம், எழுபது உறுதி. எதிர்ப்பக்கம் அறுபத்தொன்பது. கொறடா உத்தரவு கிடையாது, அவங்கவங்க மனசாட்சிதான். அதான் பயமா இருக்கு!"

வக்கீலம்மா சிரித்தார். பதிலுரையின் பன்னிரண்டாம் பக்கத்திலும் சிவப்புக் குறி போட்டு முடித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? மூணாவது பிரிவுல 'அலுவலகத் தவறு'ன்னு போட்டிருக்கோம். அலுவலகம்னா யாரு? மேசையா, நாற்காலியா?"

"பொதுவா இருக்கட்டும்னுதான்" என்றார் வக்கீலம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிங்க மேடம்." சற்றுப் பொறுத்து, சிரிப்போடு சொன்னார்: "இன்னிக்குப் பொண்ணைப் பார்வையாளர் மாடத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். சட்டக் கல்லூரியில நேத்துக் குமாஸ்தா வழக்குதான் பாடமாம். வந்து சொல்றா, 'அப்பா, அந்தக் குமாஸ்தா சுத்தத் தூங்குமூஞ்சி போல. அப்படி ஒரு ஆளை வெச்சிக்கிட்டு அந்த வக்கீல் பாவம் என்ன பாடுபட்டாங்களோ'ன்னு!"

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? பாடத்துல யார் பேரும் இல்லையே. 'ஆமாம்மா, பாவம்'னேன்" என்று சொல்லி, மறுபடியும் எண்களை அழுத்தத் தொடங்கினார் குமாஸ்தா.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவையின் மணி ஒலித்தது. வட்டமாக அடுக்கிய இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான், ஒலிவாங்கி. பாதிக்குமேல் காலி. வக்கீலம்மா எழுந்து மசோதாவை முன்மொழிந்தார். தையற்காரியைப்பற்றிச் சொன்னபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார். அது நல்ல சகுனம் என்று பக்கத்து இருக்கைக்காரர் காதோடு சொன்னார். அவர் ஒரே காரில் அடங்கும் கட்சியின் இன்னொரு உறுப்பினர், பழைய கணக்கு வாத்தியார். விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பது அவர் வேலை.

சட்ட அமைச்சர் மறுப்புரைக்கு எழுந்தார். வெள்ளை முடி, வெண்ணெய்க் குரல். ஓட்டுநர் வழக்கில் பேருந்து நிறுவனத்துக்காக எதிர்த்தரப்பில் நின்றவர் அவரேதான்.

"தலைவர் அவர்களே, அம்மையார் இல்லாத நோய்க்கு மருந்து கொண்டுவந்திருக்காங்க" என்றார். "போதிய காரணம் காட்டினா தாமதத்தை மன்னிக்க இன்னிக்கே சட்டத்துல வழி இருக்கு. சாட்சி வேணுமா? வெளியே போக வேண்டாம். புகழ்பெற்ற குமாஸ்தா வழக்கு! குமாஸ்தா ஒருத்தர் அசட்டையா கட்டை மாத்திக் கட்டினார். நீதிமன்றம் அவரைக் கண்டிச்சுது, கட்சிக்காரரைக் காப்பாத்துச்சு. அந்த வழக்குல தோத்தவன் நான். ஜெயிச்சவங்க யாரு தெரியுமா? இதோ, இந்த மசோதாவைக் கொண்டுவந்த அம்மையார்! இருக்கற சட்டம் போதும்ங்கறதுக்கு இவங்களே சாட்சி."

அவை மேசையைத் தட்டியது. ஆதரவு இருக்கைகளிலேயே இரண்டு தலைகள் 'அதானே' என்று ஆடின. கணக்கு வாத்தியார் விரல்களை மடக்கிப் பதறினார்: "அறுபத்தெட்டு ஆயிடுச்சும்மா! ஒண்ணும் வேண்டாம், 'அது வேற, இது வேற'ன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. அந்த ரெண்டு பேரை நான் திருப்பிடறேன்."

நல்ல யோசனைதான். பத்தே வினாடியில் சொல்லிவிடக்கூடிய பதில். பன்னிரண்டு பக்க உரையில் அதற்கு இடமும் இருந்தது. வக்கீலம்மா எழுந்தபடியே மேலே பார்த்தார்.

மாடத்தின் முன்வரிசையில் குமாஸ்தாவும் அவருடைய மகளும். மகள் குறிப்பேட்டை விரித்து, அமைச்சர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். குமாஸ்தா தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுக்கு முன் எவ்வளவு குனிந்தாரோ அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வக்கீலம்மா பன்னிரண்டு பக்கங்களையும் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"தலைவர் அவர்களே, அமைச்சர் சொன்ன வழக்கு உண்மை. அந்த வழக்குல சொன்ன காரணம் பொய்."

ஒரே நேரத்தில் நாற்பது வாய்கள் திறந்தன. அவைத்தலைவர் சுத்தியலால் தட்டினார்.

"கட்டு மாறவே இல்ல. என் குமாஸ்தா கட்டின கட்டு ஒருநாளும் மாறினதில்ல. நாளைத் தப்பா எண்ணினது நான். 'இன்னொரு தடவை எண்ணுங்க'ன்னு அவர் சொன்னார், நான் எண்ணல. நீதிபதி கேட்டப்போ அவரைக் கைகாட்டினேன். எனக்குப் பேர் வந்துச்சு, அவருக்கு வரவிருந்த வேலை போச்சு. அந்தப் பேரோட ஏணியிலதான் ஏறி இந்த இடத்துல நிக்கறேன்."

"அப்போ பொய்ப் பிரமாணம் போட்டேன்னு ஒத்துக்கறீங்களா?" என்று ஒரு குரல்.

"ஒத்துக்கறேன். இதையும் கேளுங்க. இந்த அவையில முப்பது வக்கீல்கள் இருக்கோம். பதினஞ்சு வருஷத்துல இந்த நாட்டுல எத்தனை ஆயிரம் கட்டு மாறியிருக்கு! அத்தனை குமாஸ்தாக்களுக்கும் கண்ணா தெரியாது?" எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது, வெடித்த இடம் வக்கீல்கள் உட்கார்ந்திருந்த இடம். "இருக்கற சட்டம் போதும்ங்கறார் அமைச்சர். கீழ இருக்கறவர் தலையில பழியைப் போட்டாத்தான் அந்தச் சட்டம் கதவைத் திறக்குது. பொய்யைச் சாவியா கேக்கற பூட்டை மாத்தணும்ங்கறேன். என் மசோதாவுலயும் நான் பயந்துதான் எழுதியிருக்கேன். மூணாவது பிரிவுல 'அலுவலகத் தவறு'ன்னு போட்டு ஒளிஞ்சிக்கிட்டேன். அதை எடுத்துட்டு 'வழக்கறிஞரின் தவறு'ன்னு திருத்த அனுமதி கேக்கறேன்."

அமைச்சர் மெல்ல எழுந்தார். புன்னகை குறையவில்லை. "உருக்கமான பேச்சு. ஆனா தலைவர் அவர்களே, இந்த நாலு சுவத்துக்குள்ள எதைச் சொன்னாலும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேக்க முடியாது. அந்தக் குடைக்குக் கீழ நின்னுக்கிட்டு மழையில நனையறேன்னு சொல்றது சுலபம்."

"திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் குடையை மடக்கிட்டு வெளியே சொல்றேன்" என்றார் வக்கீலம்மா. "அமைச்சரும் வரலாம். நீதிமன்றத்துல பெஞ்சு நீளமா இருக்கு."

அவை கொல்லென்று சிரித்தது. திருத்தம் ஏற்கப்பட்டது. வாக்கெடுப்பு மணி அலறத் தொடங்கியது. மூன்று நிமிடத்தில் கதவுகள் அடைபடும்.

அந்த மூன்று நிமிடத்தில் நடந்தவை மூன்று நாள் பேசத்தக்கவை. ஆதரவு வரிசையில் ஒருவர் விருட்டென்று எழுந்து, "பொய் சொன்னவங்க மசோதாவுக்கு நான் பொத்தான் அழுத்தமாட்டேன்" என்று வெளியேறினார். கணக்கு வாத்தியார் தலையில் கைவைத்தார்: "அறுபத்தேழு!" ஆளும் வரிசையில் இருந்த ஒரு மூத்த வக்கீல், தமக்குத் தாமே பேசுவதுபோல், "எனக்கும் ஒரு குமாஸ்தா இருந்தார். செத்து எட்டு வருஷம் ஆகுது. அவர் தலையில நான் எத்தனை கட்டை மாத்தியிருக்கேன்" என்றார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பார்வையைத் தாழ்த்தினார்கள். கதவை அடைக்கக் காவலர் கைவைத்த கணத்தில், பெட்டியும் கையுமாக இரண்டு உறுப்பினர்கள் மூச்சிரைக்க உள்ளே விழுந்தார்கள். ரயிலைத் தவறவிட்டவர்கள். "யோவ், எங்கய்யா அந்தக் குமாஸ்தா? ஸ்டேஷன் ஒலிபெருக்கியில எங்க பேரைச் சொல்லிக் கூப்பிட வெச்சிட்டாரே!" என்று ஒருவர் கத்தினார்.

கதவு அடைபட்டது. விரல்கள் பொத்தான்களின்மேல் அமர்ந்தன. சுவரில் இருந்த பெரிய பலகையில் விளக்குகள் பச்சையும் சிவப்புமாகக் குதித்து, மாறி, நடுங்கி நின்றன.

ஆதரவு எழுபத்திரண்டு. எதிர்ப்பு அறுபத்தாறு.

கணக்கு வாத்தியார் இருக்கையின்மேல் ஏறி நின்று கை தட்டினார். அவைத்தலைவர், "உறுப்பினர் இறங்க வேண்டும்" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. எதிர் வரிசைகளில்கூட எழுந்து நின்று தட்டினார்கள். அமைச்சர் தட்டவில்லை, ஆனால் போகிற போக்கில் வக்கீலம்மாவின் மேசை முன் நின்று, "திங்கட்கிழமை பெஞ்சுல எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளி நடையில் குமாஸ்தாவின் மகள் நின்றிருந்தாள். குறிப்பேட்டை மார்போடு அணைத்திருந்தாள். "மேடம், நான் பாவம்னு சொன்ன அந்த வக்கீல் நீங்கதானா?"

"ஆமாம்மா. தூங்குமூஞ்சி குமாஸ்தா இல்ல. நான்தான்."

அவள் தந்தையிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நேத்து அவ்வளவு பேசினேன். ஏம்ப்பா சொல்லல?"

"தூங்குமூஞ்சின்னு சொன்னது பொய் இல்லையேம்மா. உங்கம்மாவைக் கேளு, பக்கம் பக்கமா சாட்சி சொல்லுவா" என்றார் குமாஸ்தா. மகள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விட்டுவிட்டு வக்கீலம்மாவைப் பார்த்தார். முப்பது ஆண்டில் ஒருநாளும் பார்க்காத பார்வை அது. "இன்னிக்குச் சொன்னது பெரிய விஷயம்தான் மேடம். அன்னிக்கே சொல்லியிருந்தா சின்ன விஷயமா முடிஞ்சிருக்கும்."

எதிர்வாதம் இல்லாத வாதங்களும் உலகில் உண்டு.

ஊர் திரும்பியபின், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழைய மாடி அறையில் தட்டச்சு ஓசை கேட்டது. முப்பது ஆண்டாகக் குமாஸ்தா செய்த வேலையை வக்கீலம்மா இரண்டு விரலால் செய்துகொண்டிருந்தார். "நோயாளி யாரோ பல்லை நறநறக்கறான்னு பயந்து ஓடி வந்தேன்" என்றார் கணவர். பிறகு தாளை எட்டிப் பார்த்தவர், காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, நீதிமன்ற நடையில் இருந்த நீண்ட பெஞ்சில் வக்கீலம்மா குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் பதினொரு பக்க மனு. ஓட்டுநர் வழக்கின் ஆணையிலிருந்து அந்த மூன்று வரிகளை நீக்கக் கோருவது அது. தாம் பொய் உரைத்ததாகத் தம் கையொப்பத்துடன் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை எதுவாயினும் ஏற்பதாகவும் எழுதியிருந்தார். கடைசியில், பழுப்பேறிய அந்தத் துண்டுத் தாள் இணைக்கப்பட்டிருந்தது. சிவப்புக் குறி மங்கவில்லை. அமைச்சர் வந்திருக்கவில்லை; ஒரு முனையில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொரு பக்கங்களில் ஒன்றிலும் புதுக் குறி இல்லை. வக்கீலம்மா சிவப்புப் பேனாவைக் குமாஸ்தாவிடம் நீட்டினார். "இன்னிக்கு நீங்க போடுங்க. படிச்சிட்டுத்தான் போடணும்."

குமாஸ்தா பேனாவை வாங்கிச் சற்று நேரம் அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு படிக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை. பக்கம் பக்கமாக வலது மூலையில் அரிசி அளவுக் குறி விழுந்தது. ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது.

"மேடம், இங்க நகல் தயாரான தேதி தப்பா இருக்கு. ஒரு நாள் முன்னால போட்டிருக்கீங்க. எண்ணிப் பாருங்க."

வக்கீலம்மா எண்ணிப் பார்த்தார். விரல்விட்டு ஒரு முறை, நாட்காட்டியை வைத்து ஒரு முறை. "தப்புதான்" என்று சொல்லித் திருத்தி, பக்கத்தில் கையொப்பமிட்டார். அதன் பிறகே ஏழாம் பக்கத்துக்குக் குறி கிடைத்தது.

தாக்கல் சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இளவயதுக்காரர். மனுவைப் புரட்டி, நாள்களைப் பார்த்து, புருவத்தைத் தூக்கினார். "பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின ஆணையா? தாமத மன்னிப்புப் படிவமும் வேணுமே மேடம்." ஓர் அச்சடித்த தாளை வெளியே தள்ளினார். நடுவில் ஒரு கட்டம்: தாமதத்துக்குக் காரணம். அவர் நல்ல மனிதர், உதவும் குரலில் சேர்த்துக்கொண்டார்: "குமாஸ்தா கட்டை மாத்திட்டார்னு எழுதிடுங்களேன். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. குமாஸ்தா வழக்கு இருக்கு இல்ல, கேள்வியே வராது."

வக்கீலம்மா படிவத்தைச் சன்னல் விளிம்பில் வைத்து, கட்டத்துக்குள் தெளிவான எழுத்தில் எழுதினார்: 'வழக்கறிஞரின் தவறு. குமாஸ்தாவிடம் எவ்விதக் குறையும் இல்லை.' எழுதியதைக் குமாஸ்தாவின் பக்கம் நகர்த்தினார். அவர் படித்தார், மறுபடியும் படித்தார், மூலையில் சிவப்புக் குறியைப் போட்டார்.

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து அழுத்தினார்.

குமாஸ்தா சன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சீல் சரியா விழல சார். தேதி தெரியற மாதிரி இன்னொண்ணு நல்லா அழுத்திப் போடுங்க."